மல்லாட்டை மிஷினுக்கு பேட்டண்ட் வாங்கினோம்: வழியில் கற்றுக்கொண்டது

திண்டிவனம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன லேத்துப் பட்டறை இருக்கிறது. நான், வெல்டர் அண்ணன் ஒருவர், கைவேலைக்கு இரண்டு பையன்கள், அவ்வளவுதான் ஆட்கள். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், மணிலாக்கொட்டை என்ற பேச்சிலிருந்து வந்த சொல். எண்ணெய்க்கு உடைக்கிற மிஷினை யார் வேண்டுமானாலும் செய்து தருவார்கள். விதைக்கு உடைப்பதுதான் கஷ்டம். பருப்பு இரண்டாகப் பிளந்தால் மட்டும் இல்லை, மேலே இருக்கிற அந்தச் சிவப்புத் தோல் உரிந்தாலே முளைப்பு குறைந்துவிடும். அதனால் மார்கழிப் பட்டத்துக்கு முன்னால் எங்கள் ஊர்த் திண்ணைகளில் பெண்கள் உட்கார்ந்து விரல் நுனி புண்ணாகும்வரை கையாலேயே உரிப்பார்கள். எங்கள் அம்மாவும் உரித்தவர்தான். அந்த விரல்களைப் பார்த்துத்தான் இந்த மிஷின் வேலையே ஆரம்பித்தது.

பேட்டண்ட், அதாவது நம் கண்டுபிடிப்பை நம் அனுமதி இல்லாமல் மற்றவர் செய்து விற்காமல் தடுக்கிற காப்புரிமை, எடுப்பதைப் பற்றிக் கேட்டு நிறையப் பேர் பட்டறைக்கு வருகிறார்கள். பாலிடெக்னிக் பையன்கள், எங்களை மாதிரிப் பட்டறைக்காரர்கள், ஒரு தடவை நெசவுக்காரர் ஒருவரும் வந்தார். எல்லோருக்கும் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஒரு விண்ணப்பத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கூடவே நின்று பார்த்தவன், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மிஷினை 2019 ஜனவரியில் முடித்தோம். சுற்றுகிற உருளையில் இரும்புப் பல்லுக்குப் பதில் லாரி டயர் ரப்பரை வைத்தோம். கீழே இருக்கிற அரைவட்டச் சல்லடையை போல்ட் போட்டு இறுக்காமல் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டோம். பெரிய காய் வந்தால் சல்லடை கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும், பருப்பு நசுங்காது. நன்றாக ஓடியது. சந்தோஷத்தில் என் மச்சான் போனில் வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுவிட்டான். உருளை, சல்லடை, ஸ்பிரிங் எல்லாவற்றையும் கிட்டத்தில் காட்டி, நானே பக்கத்தில் நின்று விளக்கமும் சொல்கிறேன். அனந்தப்பூரிலிருந்தும் குஜராத்திலிருந்தும்கூட போன் வந்தது. நாலு மாதம் கழித்து வேறு மாவட்டத்தில் ஒருவர் அதே மிஷினை, பெயின்ட் நிறம்கூட மாற்றாமல், விற்றுக்கொண்டிருந்தார்.

ஆத்திரத்தில்தான் சென்னைக்கு பஸ் ஏறி ஒரு பேட்டண்ட் ஏஜெண்டை, அதாவது நமக்காக விண்ணப்பம் எழுதிப் போடுகிறவரை, பார்த்தேன். "அந்த ஆளை நிறுத்தணும் சார்" என்றேன். அவர் மிஷினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இதை இதுவரைக்கும் யார் யார் பார்த்திருக்காங்க?" என்பதுதான் முதல் கேள்வி. வீடியோவைக் காட்டினேன். போட்ட தேதியைப் பார்த்தார், போனைத் திருப்பிக் கொடுத்தார். "இதுல இருக்கிற எதையும் இனி உங்களது மட்டும்னு கேட்க முடியாதுங்க" என்றார்.

நம் நாட்டுச் சட்டத்தில், விண்ணப்பம் போடுகிற நாளுக்கு முன்னால் உலகத்தில் எங்கே வெளியாகியிருந்தாலும் அது பழையதுதான், பழையதற்குப் பேட்டண்ட் கிடையாது. வெளியிட்டது நீங்களே என்றாலும் பழையதுதான். வெளியிட்ட பிறகும் ஒரு வருஷம் அவகாசம் இருக்கிறதே என்று நிறையப் பேர் சொல்வார்கள், நானும் கேள்விப்பட்டிருந்தேன். அது அமெரிக்காவில். இங்கே உள்ள 12 மாதச் சலுகை மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி, அறிவியல் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரை மாதிரி சில குறிப்பிட்ட சந்தர்ப்பங்களுக்கு மட்டும்தான். ஊரில் நடக்கிற உழவர் விழாவோ காலேஜ் புராஜெக்ட் கண்காட்சியோ அந்தக் கணக்கில் வராது. யூடியூப் வரவே வராது.

சரி என்று திரும்பி வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் பட்டறையில் அந்த மிஷினையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெல்டர் அண்ணன், "இதுல ஒரு கோளாறு இருக்கு தம்பி, அதை யாரும் இன்னும் பாக்கல" என்றார். சல்லடை ஒரே துண்டாக இருந்ததால் ஒரு ஓரத்தில் கல்லோ மண்கட்டியோ மாட்டினால் மொத்தச் சல்லடையும் இறங்கிவிடும். அப்போது மறுபக்கம் இருக்கிற காய் உடையாமலே வழுக்கிக்கொண்டு போய்விடும். "மூணா அறுத்துடுவோம், ஒவ்வொண்ணையும் தனித்தனியா தொங்க விடுவோம்" என்றார். அன்று ராத்திரியே கட்டர் வைத்து அறுத்தோம். அதிலிருந்துதான் எங்கள் பேட்டண்ட் பிறந்தது. யோசனை அவருடையது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், விண்ணப்பத்தில் உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர் யார் என்று எழுத வேண்டும். முதலாளி பெயர் எழுதுகிற இடம் அது இல்லை. எங்கள் பக்கம் பல பட்டறைகளில் வேலைக்காரரின் யோசனைக்கு முதலாளி பெயர்தான் போகிறது. அது பாவம் மட்டும் இல்லை, தப்பான ஆள் பெயரில் வாங்கிய பேட்டண்ட் பின்னால் அதே காரணத்துக்காக ரத்தாகவும் இடம் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேருமே கண்டுபிடிப்பாளர்கள், இரண்டு பேருமே விண்ணப்பதாரர்கள் என்று போட்டோம். ஆளுக்குச் சரிபாதி. ஒருவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் யாருக்கும் லைசென்ஸ், அதாவது செய்து விற்கிற அனுமதி, கொடுக்க முடியாது. இது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டோம், நீங்களும் தெரிந்து போடுங்கள்.

அடுத்தது தேடல், இதே மாதிரி ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று. ஏஜெண்ட் தேடுவார் என்றாலும் நாமும் உட்கார்ந்து தேட வேண்டும், ஏனென்றால் நம் மிஷின் நமக்குத்தான் தெரியும். கூகுள் பேட்டண்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், நம் அரசின் இன்பாஸ், இந்த மூன்று தேடல் தளங்களும் இலவசம். முதலில் 'கிரவுண்ட்நட்' என்று போட்டுத் தேடி, அதிகம் ஒன்றும் இல்லை என்று நிம்மதியானேன். அமெரிக்காவில் அது 'பீனட்', மிஷினுக்கு 'ஷெல்லர்', 'ஹஸ்கர்', 'டிகார்ட்டிகேட்டர்' என்று பல பெயர். அப்புறம் ஏஜெண்ட்தான் வகைப்பாட்டு எண் வைத்துத் தேடச் சொன்னார். கொட்டை உடைக்கிற, தோல் உரிக்கிற மிஷின்களுக்கு ஏ23என் 5 என்று ஒரு எண் இருக்கிறது. அதைப் போட்டதும் கொட்டியது. பாதிக்கு மேல் சீன மொழி. மொழிபெயர்ப்பைப் படிப்பதைவிடப் படங்களைப் பார்ப்பதே வேகமாக இருந்தது, பட்டறைக்காரனுக்குப் படம் போதும். மூன்றாம் நாள் ராத்திரி ஒரு சீன ஆவணத்தின் படத்தில் ஸ்பிரிங்கில் தொங்குகிற சல்லடை இருந்தது, எங்கள் வீடியோவுக்குப் பல வருஷம் முந்தியது. அதாவது வீடியோ போடாமல் இருந்திருந்தாலும் என் முதல் மிஷினுக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் அதில் சல்லடை ஒரே துண்டு. மூன்று துண்டு எங்கேயும் இல்லை. தேடலை முதலில் செய்திருந்தால் என் ஆத்திரத்தில் பாதி மிச்சமாகியிருக்கும்.

2019 நவம்பரில் புரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம், போட்டோம். தனிநபருக்கு ஆன்லைனில் 1,600 ரூபாய் கட்டணம், பெரிய கம்பெனிக்கு 8,000. ரசீதில் விண்ணப்ப எண் 201941 என்று ஆரம்பித்தது. முதல் நாலும் வருஷம், அடுத்த 4 சென்னை அலுவலகம், 1 சாதாரண விண்ணப்பம். கிண்டியில் இருக்கிற அந்த அலுவலகம்தான் நம் தென் மாநிலங்களுக்கு. அந்த எண்ணை அண்ணன் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தார், ரொம்ப நாள் அழியாமல் இருந்தது.

புரொவிஷனல் என்பது தேதிக்கு ஒரு துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரத்தோடு கம்ப்ளீட் ஸ்பெசிபிகேஷன் தாக்கல் செய்யாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும், அந்த 12 மாதத்துக்கு நீட்டிப்பு கிடையாது. இதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் புரொவிஷனல் போட்டுவிட்டால் மிஷினையே பூட்டிவிட்டோம் என்று நினைப்பது பெரிய தப்பு. அதில் எழுதியது மட்டும்தான் அந்தத் தேதியில் நிற்கும். எழுதாத ஒரு கொக்கிகூட நிற்காது.

எங்களுக்கு நடந்ததையே சொல்கிறேன். 2020 கோடையில், கொரோனா நேரம், பட்டறை பாதி நாள் மூடிக்கிடந்தது. இரண்டு விதை விவசாயிகளிடம், வெளியே காட்டமாட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓட்டிப் பார்த்தோம். ஒரு துண்டு இறங்கும்போது அதற்கும் பக்கத்துத் துண்டுக்கும் நடுவில் ஒரு சந்து விழுந்தது, அதன் வழியாக முழுக் காய் கீழே வந்து பருப்போடு கலந்தது. அண்ணன் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு மெல்லிய தகட்டை, வாழைமரத்தில் ஒரு மட்டை மேல் இன்னொரு மட்டை ஏறி மூடுகிற மாதிரி, பக்கத்துத் துண்டின் மேல் படியவிட்டார். ஒன்று இறங்கினாலும் தகடு அந்த இடைவெளியை மூடிக்கொள்ளும். மிஷின் அன்றைக்குத்தான் முழுசாச்சு. ஆகஸ்டில் ஒரு விதை வியாபாரி, "ஒரு வீடியோ மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பத்து மிஷின் எடுத்துக்கிறேன்" என்றார். பத்து மிஷின் என்பது எங்களுக்கு அந்தக் கொரோனா வருஷத்தில் உயிர்த்தண்ணீர். எண்தான் வந்துவிட்டதே என்று நானும் போனை எடுத்துவிட்டேன். ஏஜெண்டிடம் ஒரு வார்த்தை கேட்போமே என்று கேட்டதில் தப்பித்தேன். "அந்தத் தகடு புரொவிஷனல்ல இல்லைங்க, அதுக்கு இன்னும் தேதி கிடையாது" என்றார். அனுப்பவில்லை. ஆர்டர் போனது. நவம்பரில் தகட்டையும் சேர்த்து கம்ப்ளீட் போட்டோம். கடைசியில் எங்கள் பேட்டண்டைக் காப்பாற்றியது அந்தத் தகடுதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

எழுதுகிற வேலையைப் பற்றி. விண்ணப்பம் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்க வேண்டும், தமிழில் போட வழி இல்லை. தன் கையால் செய்த பொருளைத் தன் மொழியில் எழுதிக் கொடுக்க முடியாதது எனக்கு இன்றுவரை வலிக்கிறது. நான் செய்தது இதுதான்: பள்ளி நோட்டில் நாற்பது பக்கம் தமிழில் எழுதினேன், ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண், அது என்ன செய்கிறது, ஏன் அங்கே இருக்கிறது, அதற்குப் பதில் வேறு எதை வைத்தாலும் ஓடுமா. ஏஜெண்டின் ஜூனியர் பொண்ணு தமிழ் தெரிந்தவர், அதை வைத்து ஆங்கிலத்தில் எழுதினார். எழுதியதை அவர் எங்களுக்கு வரிவரியாகத் தமிழில் சொல்ல, அண்ணன் மூன்று இடத்தில் திருத்தினார். அந்த மூன்று திருத்தமும் முக்கியமானவை. ஆங்கிலம் தெரியவில்லை என்று யாரும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், உட்கார்ந்து சொல்லச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

அதில் கடைசியில் வருகிற கிளெய்ம்கள்தான் உயிர். மற்ற பக்கங்கள் எல்லாம் விளக்கம். நம் எல்லை எது என்று வேலி போடுவது கிளெய்ம். நான் முதலில் சொன்னது, "மூன்று துண்டுச் சல்லடை, ஒவ்வொன்றும் இரண்டு சுருள் ஸ்பிரிங்கில் தொங்குகிறது." ஏஜெண்ட் கேட்டார், "நாளைக்கு ஒருத்தன் நாலு துண்டா அறுத்து ரப்பர் கட்டையில உட்கார வெச்சா?" அப்படிச் செய்தாலும் ஓடும் என்றேன். "அப்ப நீங்க சொன்ன வேலிக்கு வெளியில நிற்கிறான்." அதனால் மூன்று என்பது 'ஒன்றுக்கு மேற்பட்ட' ஆனது, சுருள் ஸ்பிரிங் 'அமுங்கித் திரும்புகிற தாங்கி' ஆனது. ஸ்பிரிங், ரப்பர், பட்டை ஸ்பிரிங் எல்லாம் அதற்குக் கீழே தனித்தனிக் கிளெய்மாக வந்தன. தகடு நாலாவது கிளெய்ம். உடைக்கும் முறை என்று ஒரு கிளெய்ம் கேட்டேன், விவசாய முறைகளுக்கு பேட்டண்ட் சட்டத்தின் பிரிவு 3 பேட்டண்ட் தராது, அந்தத் தகராறு வேண்டாம், மிஷினாகவே கேட்போம் என்று விட்டுவிட்டார். மொத்தம் 9 கிளெய்ம், 24 பக்கம். 10 கிளெய்முக்கும் 30 பக்கத்துக்கும் மேலே போனால் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் கட்டணம்.

அப்புறம் காத்திருப்பு. விண்ணப்பம் முதல் தேதியிலிருந்து 18 மாதம் கழித்து வெள்ளிக்கிழமைகளில் வருகிற பேட்டண்ட் இதழில் வெளியாகும். ரொம்பப் பேர் தவறவிடுகிற விஷயம், பேட்டண்ட் தரலாமா என்று அலுவலகம் பார்க்கிற பரிசோதனை தானாக நடக்காது, தனியாக படிவம் 18 போட்டு 4,000 ரூபாய் கட்டிக் கேட்க வேண்டும். எங்கள் காலத்தில் அதற்கு 48 மாதம் இருந்தது. 2024 மார்ச் விதித் திருத்தத்துக்குப் பிறகு போடும் விண்ணப்பங்களுக்கு 31 மாதம்தான். விண்ணப்பதாரர் பெண்ணாக இருந்தாலோ, ஸ்டார்ட்அப் அல்லது சிறு நிறுவனமாக இருந்தாலோ, விரைவுப் பரிசோதனை கேட்கலாம், கட்டணம் இரண்டு மடங்கு. வெளியானதும் போன் வர ஆரம்பிக்கும்: உங்கள் பேட்டண்டை விற்றுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று. இன்னும் கிடைக்கவே இல்லையே, எதை விற்பாய் என்று கேட்டு வைத்துவிடுங்கள். டிசைன் பதிவைச் செய்து கொடுத்து பேட்டண்ட் என்று சொல்கிறவர்களும் உண்டு. அது பொருளின் தோற்றத்துக்கு மட்டும், வேலை செய்யும் விதத்துக்கு இல்லை.

2022 பிப்ரவரியில் பேட்டண்ட் அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கை வந்தது. படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. எல்லாக் கிளெய்மையும் மறுத்திருந்தார்கள். ஸ்பிரிங் சல்லடை உள்ள அந்தச் சீன ஆவணம் ஒன்று, கூடவே துண்டு துண்டான சல்லடை உள்ள ஒரு பழைய அமெரிக்கக் கதிரடிக்கும் மிஷின். இரண்டையும் சேர்த்தால் துறை தெரிந்த யாருக்கும் இது தோன்றும், புதுச் சிந்தனை இல்லை என்றார்கள். மேலும் பிரிவு 3(எஃப்): தெரிந்த பாகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான், ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனித்தனியே பார்க்கிறது என்றார்கள். மல்லாட்டையில் மட்டும் தேடிய நான் நெல், கோதுமைப் பக்கம் போகவே இல்லை. ஏஜெண்ட் சாதாரணமாகச் சிரித்தார், முதல் அறிக்கையில் ஆட்சேபணை வராத விண்ணப்பத்தைத் தேடத்தான் வேண்டும் என்றார். பதில் சொல்ல 6 மாதம், கேட்டுக் கட்டணம் கட்டினால் இன்னும் 3 மாதம்.

பதிலில் தகட்டை நாலாவது கிளெய்மிலிருந்து முதல் கிளெய்முக்குத் தூக்கினோம், அதாவது தகடு இருக்கிற மிஷின் மட்டும்தான் எங்களது என்று வேலியைக் குறுக்கினோம். அந்த இரண்டு ஆவணங்களிலும் துண்டுகளுக்கு நடுவில் விழும் இடைவெளியை மூடுகிற எதுவும் இல்லை. ஒரு துண்டு இறங்குவதால்தான் தகடு வேலை செய்கிறது, தகடு இருப்பதால்தான் துண்டு தனியாக இறங்க முடிகிறது, அதனால் தனித்தனி வேலை என்ற பேச்சும் எடுபடாது. இப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம் தகடு கம்ப்ளீட்டில் முன்பே எழுதியிருந்தது. தாக்கல் செய்த பிறகு குறுக்கலாம், விளக்கலாம், புதிதாக ஒன்றையும் நுழைக்க முடியாது. தகட்டின் தேதி 2020 நவம்பர். ஆகஸ்டில் அந்த வாட்ஸ்அப் வீடியோ போய், அது நாலு குரூப்பில் சுற்றியிருந்தால், இந்தக் கடைசிப் பிடியும் கையில் இருந்திருக்காது.

இன்னொன்றும் உதவியது. ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு நாளும் எவர்சில்வர் தட்டில் நூறு பருப்பை எண்ணிப் போட்டு, எத்தனை பிளந்தது, எத்தனை தோல் உரிந்தது என்று தேதியோடு எழுதி வைத்திருந்தேன். தகடு இல்லாமல், தகடோடு, ஒரே துண்டுச் சல்லடையில் என்று மூன்று விதமாக. அந்தக் கணக்கும் கம்ப்ளீட்டில் அட்டவணையாகப் போயிருந்தது. 2023 ஜூனில் வீடியோ வழியாக நடந்த விசாரணையில் அதிகாரி நேராக அந்த அட்டவணைக்குத்தான் வந்தார். பொறுமையாகக் கேட்டார், நியாயமாகவே கேட்டார். பிறகு 15 நாளுக்குள் எழுத்துமூலம் வாதத்தைக் கொடுத்தோம். செப்டம்பரில் கிடைத்தது.

செலவு என்று பார்த்தால் அதுவரை அரசுக்குக் கட்டியது 5,600 ரூபாய்தான். ஏஜெண்ட், படம் வரைந்தவர், போக்குவரத்து எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்தைத் தாண்டியது, தவணையில் கொடுத்தோம். அவ்வளவு முடியாதவர்கள் முதலில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தில் இருக்கிற பேட்டண்ட் தகவல் மையத்தைக் கேளுங்கள். படிப்போ நிறுவனமோ பின்னணி இல்லாத அடித்தட்டுக் கண்டுபிடிப்பாளர்களுக்கு குஜராத்தில் இருக்கிற தேசிய புத்தாக்க அறக்கட்டளை பேட்டண்ட் எடுக்க உதவுகிறது. அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்பாக இருந்தால் ஏஜெண்ட் கட்டணத்தை அரசே ஏற்கிற எஸ்.ஐ.பி.பி. என்ற திட்டம் நாங்கள் போட்ட காலத்தில் இருந்தது, இப்போதும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு இவை தெரிந்தபோது பணம் கட்டி முடித்திருந்தேன்.

கிடைத்த பிறகும் வருஷக் கட்டணம் உண்டு, மூன்றாம் வருஷத்திலிருந்து. தனிநபருக்கு ஆறாம் வருஷம்வரை வருஷத்துக்கு 800, பத்துவரை 2,400, பதினைந்துவரை 4,800, இருபதுவரை 8,000. இருபது வருஷமும் பிடித்து வைத்தால் 76,800 ரூபாய் ஆகிறது. ஒரு தேதி தவறினால், அபராதத்துக்கான 6 மாதமும் போனால், உரிமை போய்விடும். மிஷின் விற்காவிட்டால் கட்டுவதை நிறுத்திவிடலாம், அதில் தப்பில்லை.

இது இந்தியாவுக்கு மட்டும். உலக பேட்டண்ட் என்று ஒன்று இல்லை. வெளிநாடு வேண்டுமென்றால் முதல் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும், நாங்கள் போகவில்லை.

பலன்? ஒரு விவசாயக் கருவி உற்பத்தியாளர் லைசென்ஸ் எடுத்திருக்கிறார், மிஷினுக்கு இவ்வளவு என்று. ஒப்பந்தத்தில் அண்ணனும் நானும் கையெழுத்துப் போட்டோம், அவர் தன் பெயரை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதியதை நான் மறக்கமாட்டேன். தகடு வைத்து அப்படியே செய்த ஒரு பட்டறைக்கு நோட்டீஸ் அனுப்பினோம், நிறுத்திக்கொண்டார். இன்னொருவர் தகடு இல்லாமல் இரண்டு துண்டுச் சல்லடை போட்டு விற்கிறார். அவர் எங்கள் வேலிக்கு வெளியே நிற்கிறார், ஒன்றும் செய்ய முடியாது. பரிசோதனையில் வேலியைக் குறுக்கியதற்கு அது விலை.

இப்போது கல்லையும் மண்கட்டியையும் உருளைக்கு வருவதற்கு முன்னாலேயே பிரிக்கிற ஒரு அமைப்பைச் செய்துகொண்டிருக்கிறோம். புரொவிஷனலுக்கான நோட்டு எழுதியாகிவிட்டது, இந்தத் தடவை நெல், கோதுமை, உளுந்து எல்லாப் பக்கமும் தேடியாகிவிட்டது. மச்சான் பட்டறைக்கு வந்தால் அண்ணன் எழுந்து போய் அதன் மேல் தார்ப்பாயை இழுத்து மூடுகிறார். எண் வரட்டும், பிறகு நானே வீடியோ எடுக்கச் சொல்கிறேன் என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறேன்.